வெள்ளிக்கிழமை மட்டும் சிக்கிய காகிதம்

பிரின்டரில் காகிதம் சிக்கினால் எந்த மூடியைத் திறக்க வேண்டும், எந்த ரோலரைத் துடைக்க வேண்டும் என்பதையெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. அதற்கு மேனுவல் இருக்கிறது. மேனுவலைப் படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு போனில் வீடியோ இருக்கிறது. இந்த சர்வீஸ் வேலையில் முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டியவன் என்பதால், புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி ஆபீசில் கேட்டார்கள். பெருமையடித்துக்கொள்ளும்படியான கதைகள் என்னிடம் பத்துப் பன்னிரண்டு உண்டு. அவற்றை டீக்கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே எழுதுவது, நான் எழுதிய ஒரே ஒரு வரியால் ஒரு பெண்ணுக்கு வேலை போக இருந்த கதை. நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. நல்லபடியாக முடிந்ததே என்ற நிம்மதியும் கூடவே வருகிறது.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் இருந்த சமயம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் என்று எனக்கு ஒதுக்கிய வட்டாரம். காலையில் படப்பையில் வீட்டை விட்டுக் கிளம்பினால், கன்டெய்னர் லாரிகளுக்கும் ஷேர் ஆட்டோக்களுக்கும் நடுவில் பைக்கை நுழைத்து, ஒரு நாளைக்கு ஆறு கம்பெனி பார்ப்பேன். அதில் ஒன்று வல்லம் வடகாலில் கார் கதவுகளுக்கு ரப்பர் பட்டை செய்யும் கம்பெனி. பெரியதுமில்லை, சின்னதுமில்லை. அவர்கள் சரக்கு முழுவதும் பக்கத்தில் இருக்கும் ஒரு கார் கம்பெனிக்குப் போகும். இத்தனை மணிக்கு லாரி கேட்டுக்குள் நுழைய வேண்டும் என்று நேரம் குறித்திருப்பார்கள். நேரம் தப்பினால் அங்கே கார் பூட்டும் லைன் நிற்கும். லைன் நின்றால் என்ன ஆகும் என்று இந்த வட்டாரத்தில் வேலை பார்க்கும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

லாரி கிளம்ப வேண்டுமானால் இன்வாய்ஸ் மூன்று பிரதியும், சரக்கு ரோட்டில் போவதற்கான இ-வே பில்லும் காகிதத்தில் அச்சாகி டிரைவர் கையில் இருக்க வேண்டும். எல்லாமே போனில் போய்ச் சேர்ந்துவிடும் காலம்தான். ஆனால் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி காகிதத்தில்தான் சீல் வைப்பார். ஆக, சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் அறையில் இருந்த ஒரே ஒரு லேசர் பிரின்டர்தான் அந்தக் கம்பெனிக்கு வாசற்கதவு.

அந்த பிரின்டரில் அச்சடிப்பவள் ஜெபமலர். இருபத்துமூன்று வயது இருக்கும். தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கத்துப் பெண். கான்ட்ராக்ட்டில் வந்தவள், ஒரகடத்தில் ஐந்து பெண்களோடு வாடகை அறையில் இருந்தாள். ஒரு வருடம் ஒழுங்காக முடித்தால் நிரந்தரம் ஆக்குவோம் என்று சொல்லியிருந்தார்கள். பதினோராவது மாதம் நடந்துகொண்டிருந்தது. அவளுக்கு மேலே இன்சார்ஜ் தணிகாசலம். வாலாஜாபாத்காரர், ஐம்பதைத் தொட்டவர், நெற்றியில் எப்போதும் பளிச்சென்று திருநீறு. குரல் உரக்க வரும், ஆள் நல்லவர்.

முதல் புகார் வந்தது ஆவணி மாதம். காகிதம் அடிக்கடி சிக்குகிறது என்றார்கள். போனேன். ரோலரைத் துடைத்தேன், சோதித்தேன், ஓடியது. மூன்று வாரம் கழித்து இரண்டாவது புகார். ரோலரையே மாற்றினேன், சோதித்தேன், ஓடியது. ஐப்பசியில் மூன்றாவது புகார். அன்று எனக்கு நாள் சரியில்லை. படப்பையில் ஒரு ஷேர் ஆட்டோக்காரர் என் பைக் கண்ணாடியைப் பெயர்த்துவிட்டிருந்தார். மழை வேறு. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனிக்காரர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போன் செய்து எங்கே வருகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கோபத்தோடுதான் டெஸ்பாட்ச் அறைக்குள் நுழைந்தேன்.

இங்கே என் மேதாவித்தனத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் பையில் எப்போதும் ஒரு கட்டு நல்ல காகிதம் இருக்கும். எந்த பிரின்டரைச் சோதித்தாலும் அந்தக் காகிதத்தைத்தான் வைப்பேன். வாடிக்கையாளர் வைத்திருக்கும் காகிதம் மட்டமாக இருந்து, பழி நம் மெஷின் மேல் விழக் கூடாது என்ற முன்யோசனை. மூன்று முறையும் அதையே வைத்தேன். நூறு தாள் ஓடவிட்டேன். ஒன்றுகூடச் சிக்கவில்லை. மெஷின் நன்றாக இருக்கிறது, ரோலர் புதிது, அப்படியானால் குறை யாரிடம்? யார் இதில் அடிப்பது என்று கேட்டேன். அறையில் இருந்த எல்லாரும் ஜெபமலரைப் பார்த்தார்கள்.

சர்வீஸ் ரிப்போர்ட்டில் 'காரணம்' என்ற இடத்தில் எழுதினேன்: பயன்படுத்துபவர் காகிதத்தைக் கையாளும் முறை தவறு. வாடிக்கையாளர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அதற்குள் மற்றவர்கள் கலைந்துபோய் அறையில் மிச்சமிருந்தவள் அவள்தான் என்பதால், அவளிடமே நீட்டினேன். அவள் அந்த வரியைப் படித்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். சரி சார் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். தன் மேல் எழுதிய குற்றத்துக்குத் தானே கையெழுத்துப் போட்ட பெண்ணிடம், ஏம்மா நீ ஒன்றும் சொல்லவில்லையே என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஸ்ரீபெரும்புதூர்க்காரர் மறுபடியும் போனில் வந்துவிட்டார்.

இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். அந்த ரிப்போர்ட்டில் நம் சீல் விழவில்லையாம், கார் கம்பெனிக்கு அனுப்ப வேண்டுமாம், நாளைக் காலை போய் ஒரு சீல் வைத்துவிட்டு வாருங்கள் என்றார்கள். எதற்கு என்று நானும் கேட்கவில்லை. ரப்பர் சீலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கெல்லாம் போய் நின்றேன்.

தணிகாசலம் பூஜையில் இருந்தார். பிரின்டருக்கு மேலே சுவரில் ஒரு பலகை, அதில் மூன்று சாமி படம். கீழே மேசையில் ஒரு தட்டு, கிண்ணத்தில் குழைத்த மஞ்சள். அன்றைக்கான முதல் பேப்பர் கட்டைப் பிரித்து வைத்து, நாலு மூலையிலும் கட்டை விரலால் மஞ்சள் வைத்தார். நடுவில் குங்குமம். புது நோட்டுக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் நாம் வைப்பதுதானே. கற்பூரம் காட்டினார். நானும் பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டு, கொடுத்த பொட்டுக்கடலையை வாயில் போட்டு மென்றேன். என் மூன்று மாதத்துக் கேள்விக்கு விடை கண்ணெதிரே கற்பூரம் காட்டி நடக்கிறது, நான் கடலை மென்றுகொண்டு நிற்கிறேன்.

பிறகு அவர் ஒரு படிவத்தை எடுத்து வந்து மேசையில் வைத்தார். கார் கம்பெனிகளுக்கு சப்ளை செய்யும் இடங்களில் நீங்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தவறு நடந்தால், ஏன் என்று ஐந்து தடவை கேட்டு, மூல காரணத்தைப் பிடித்து, என்ன நடவடிக்கை, யார் பொறுப்பு என்று கட்டம் கட்டமாக எழுதிக் கொடுக்க வேண்டும். போன வெள்ளிக்கிழமை இன்வாய்ஸ் சிக்கிச் சிக்கி, லாரி தாமதமாகி, கார் கம்பெனியில் லைன் சில நிமிடம் நின்றிருக்கிறது. அதற்கான பதில் இது. படித்தேன். மூல காரணம்: ஆபரேட்டர் தவறு, சர்வீஸ் ரிப்போர்ட் இணைக்கப்பட்டுள்ளது. நடவடிக்கை: ஆபரேட்டர் ஜெபமலர் நீக்கம்.

இணைப்பு என்று சொன்னது என் ரிப்போர்ட்டை. ஒரு மழை நாளில் பைக் கண்ணாடி உடைந்த எரிச்சலில் நான் எழுதிய வரி, இரண்டு கம்பெனிகளைக் கடந்து, மூல காரணம் என்று பெயர் வாங்கிக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது.

"பாவமாத்தான் கீது சார், நான் இன்னா பண்றது? ஆள் மாத்திட்டோம்னு எழுதுனாத்தான் கார் கம்பெனிக்காரன் வுடுவான்," என்றார் தணிகாசலம். குரலில் சந்தோஷம் இல்லை. பத்து மணிக்குள் மெயில் போக வேண்டும், பத்தரைக்கு ராகு காலம் வந்துவிடும், சீக்கிரம் சீல் வையுங்கள் என்று சொல்லிவிட்டு, ஸ்கேன் செய்ய ஆளைக் கூட்டி வர உள்ளே போனார்.

சீலைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போதுதான் ஜெபமலர் லாரிக்கு இன்வாய்ஸ் அடிக்க வந்தாள். அன்று அவளுக்குக் கடைசி நாள் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. முகம் வீங்கியிருந்தது. ஆனால் கை மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. பூஜை செய்த கட்டை எடுத்தாள். மஞ்சள் தெரிந்த மேல் தாள்கள் ஏழெட்டை ஒதுக்கி வைத்தாள். மீதியை விசிறி மாதிரி விரித்து, காற்றுப் புக உதறி, மேசையில் தட்டி ஒழுங்காக்கி, டிரேயில் வைத்து, பக்கத் தடுப்புகளைச் சரியான அளவுக்கு நெருக்கினாள். நான் பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுப்பதைவிடச் சுத்தமாகச் செய்தாள். நான் எழுதியது, காகிதத்தைக் கையாளும் முறை தவறு.

முதல் தாள் போயிற்று. இரண்டாவது போகும்போது கரகரவென்று சத்தம் கேட்டு, மெஷின் நின்று, சிவப்பு விளக்கு எரிந்தது. நான் எழுந்து போய் மூடியைத் திறந்து இழுத்தேன். ஒரு தாள் வரவில்லை, மூன்று தாள் சேர்ந்து வந்தது. மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஈர மஞ்சள் மேல் தாளோடு நிற்குமா? விளிம்பு வழியாக உள்ளே இறங்கி, காய்ந்து, தாளைத் தாளோடு பிணைத்திருந்தது. ரோலரைத் தொட்டேன். விரலில் மஞ்சள் பொடி.

அவ்வளவுதான் சங்கதி. வாரத்துக்கு ஒரு கட்டுக்குத்தான் மஞ்சள், அதுவும் வெள்ளிக்கிழமை. அது சனிக்கிழமைக்குள் தீர்ந்துவிடும். புகார் வெள்ளிக்கிழமை பதிவாகும், நாம் அடுத்த வேலை நாளான திங்கட்கிழமை போவோம். அப்போது டிரேயில் இருப்பது மஞ்சள் படாத கட்டு. ரோலரில் ஒட்டியிருந்த பொடியும் சனிக்கிழமைத் தாள்களோடு போயிருக்கும். போதாக்குறைக்கு நான் என் கையிலிருந்த காகிதத்தை வைத்துச் சோதித்துவிட்டு மெஷின் நன்றாக இருக்கிறது என்பேன். மூன்று புகாரும் வெள்ளிக்கிழமைதான் வந்தன என்பது புகார்ப் பதிவிலேயே இருந்தது. ஒரு தடவை திருப்பிப் பார்த்திருந்தால் போதும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதில் பாவம் எங்கே இருந்தது என்று எனக்கு அந்த நிமிடம் தெரிந்தது.

நான் மஞ்சள் விரலோடு நிமிர்ந்தபோது ஜெபமலர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்பது போலத் தலையை அசைத்தாள். கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"சார், அத மட்டும் சொல்லிராதீங்க."

உனக்குத் தெரியுமா என்றேன். மூன்றாவது மாதத்திலிருந்தே தெரியும் என்றாள். அதனால்தான் மேல் தாள்களை ஒதுக்குகிறாள், அதனால்தான் உதறுகிறாள். சில வெள்ளிக்கிழமை தப்பிக்கும், சில வெள்ளிக்கிழமை மாட்டிக்கொள்ளும். பிறகு ஏன் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். கேட்ட குரலில் கொஞ்சம் அதட்டல்கூட இருந்தது. வெட்கக்கேடு.

"நான் எப்படி சார் சொல்லுவேன்? நான் சர்ச்சுக்குப் போற புள்ள. நான் போயி மஞ்ச வைக்காதீங்கன்னு சொன்னா, அது பேப்பரப் பத்தின பேச்சா இருக்குமா?"

அவளே மேலே சொன்னாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் இங்கிருந்து போன லாரி ஒன்று வாலாஜாபாத் ரோட்டில் கவிழ்ந்துவிட்டதாம். டிரைவர் பிழைத்ததே பெரிய காரியமாம். அதற்குப் பிறகுதான் தணிகாசலம் வெள்ளிக்கிழமைதோறும் முதல் கட்டுக்கு மஞ்சள் வைக்க ஆரம்பித்தாராம். லாரியோடு போவது அந்தக் காகிதம்தானே, அதற்கு வைத்தால் வண்டிக்கு வைத்த மாதிரி என்பது அவர் கணக்கு. அவள் சேர்ந்த புதிதிலேயே கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் லீவு வாங்கிக் கொடுத்தவர், அவள் கொண்டுவந்த முந்திரிக்கொத்தை எல்லாருக்கும் பங்கு வைத்தவர். "நல்ல மனுசன் சார். அவிய மனசு சங்கடப்பட்டா எனக்கு என்ன கெடைக்கப் போவுது? மழ ஈரம்னு எழுதிருங்க சார். அது போதும்," என்றாள்.

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். எந்த வீடியோவிலும் இது இல்லை.

மழை ஈரம் என்று எழுதுவது எவ்வளவு சுலபம் தெரியுமா? ஐப்பசி மாதம், வெளியே தூறிக்கொண்டிருக்கிறது, யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அவளும் தப்பிப்பாள், தணிகாசலமும் தப்பிப்பார், முக்கியமாக நானும் தப்பிப்பேன். பேனாவைத் திறந்துகூட விட்டேன். அப்புறம் அடுத்த வெள்ளிக்கிழமையை நினைத்துப் பார்த்தேன். மறுபடியும் மஞ்சள், மறுபடியும் ஜாம். மழை நின்ற பிறகும் சிக்கினால் எல்லாரும் யாரைப் பார்ப்பார்கள்? அந்தப் பொய் அவளுக்கு ஒரு மாதம் வாங்கிக் கொடுக்கும், அவ்வளவுதான்.

இன்னொரு வழி, நேரே போய் உங்கள் பூஜையால்தான் எல்லாம் என்று போட்டு உடைப்பது. உண்மைதான். ஆனால் உண்மையைச் சொல்லிவிட்டு நான் பைக்கில் ஏறிப் போய்விடுவேன். அந்த அறையில் மிச்சமிருக்கப் போவது அவர்கள் இரண்டு பேர். யார் போட்டுக் கொடுத்தது என்ற சந்தேகம் ஒரு நாள் வரும், வந்தால் சர்ச்சுக்குப் போகும் பெண்ணின் மேல்தான் வந்து உட்காரும். அவள் பயந்ததும் அதற்குத்தான்.

அப்படியானால் யாரில் ஆரம்பிப்பது? என்னில்தான். வேறு வழி தெரியவில்லை. சொன்னால் ஆபீசில் என்ன ஆகும் என்பதும் தெரியும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ரிப்போர்ட்டைத் தப்பு என்று திரும்ப வாங்குகிற இன்ஜினியரை எந்தக் கம்பெனியும் மாலை போட்டு வரவேற்காது. சீலைத் திரும்பச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

தணிகாசலம் வந்ததும், சார், இதற்கு நான் சீல் வைக்க முடியாது, நான் தப்பாக எழுதிவிட்டேன் என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. பத்து மணிக்கு மெயில் போக வேண்டிய நேரத்தில் வந்து விளையாடுகிறீர்களா என்று சத்தம் போட்டார். லாரி டிரைவர் வேறு கதவருகே வந்து நின்றுகொண்டு மணியைப் பார்த்தார். ஐந்தே நிமிடம் கொடுங்கள், இந்த லாரிக்கு இன்வாய்ஸ் நீங்களே உங்கள் கையால் அடியுங்கள் என்றேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்து பட்டனைத் தட்டினார்.

ஒரு தாள் வந்தது. இரண்டாவது வந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. இன்றைக்குப் பார்த்து ஒழுங்காக ஓடித் தொலைக்கப் போகிறதா என்று. மூன்றாவது தாளில் கரகரவென்று நின்றது. ஒரு மெஷின் சிக்கியதற்காக என் வாழ்க்கையில் நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

அவரே மூடியைத் திறந்து இழுத்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது. ஒட்டியிருந்த தாள்களைப் பிரிக்கப் பார்த்தார், மூலை பிரியவில்லை. நகத்தால் சுரண்டினார். காய்ந்த மஞ்சள் நகத்துக்குள் ஏறியது. கட்டை விரலில் காலையில் வைத்த மஞ்சள் இன்னும் போகவில்லை. இரண்டையும் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். அப்படியே நாற்காலியில் சாய்ந்தார்.

"அப்ப நான்தானா சார்?"

மூன்று தடவை வந்தும் உங்கள் காகிதத்தை ஒரு தடவைகூட வைத்துப் பார்க்காதது நான்தான் சார், முதல் தப்பு என்னுடையது என்றேன். அவர் அதைக் காதில் வாங்கிய மாதிரி தெரியவில்லை. ஜெபமலரைப் பார்த்தார்.

"உனுக்குத் தெரியுமாம்மா?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, தெரியும் சார் என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்க அவர் வாயெடுத்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார். அவள் கழுத்தில் கிடந்த சின்னச் சிலுவை மேல் அவர் கண் போனதை நான் பார்த்தேன். யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இத்தனை மாதமாக அந்தப் பெண் எதை விழுங்கிக்கொண்டிருந்தாள் என்பது அவருக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. உரத்த குரல்காரர் என்று சொன்னேன் அல்லவா, அன்று அவர் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"நான் வண்டி நல்லா போவணும்னுதாம்மா வச்சேன்."

"எனக்குத் தெரியும் சார்," என்றாள் அவள். பிறகு கொஞ்சம் தயங்கி, "முத தாள மட்டும் தனியா எடுத்து, அதுல மஞ்ச வச்சு டிரைவர் அண்ணன்ட்ட குடுத்துருங்க சார். வண்டியோடயே போவும்லா. கட்டுல வச்சா பாதித் தாளு இங்க குப்பையிலதான கெடக்குது."

தணிகாசலம் எழுந்தார். அவள் காலையில் ஒதுக்கி வைத்திருந்த மஞ்சள் தாள்களில் மேலே இருந்ததை எடுத்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். நாலாக மடித்து டிரைவரிடம் கொடுத்து, வண்டியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும்படி சொன்னார். அதற்குள் நான் ரோலரைத் துடைக்க, ஜெபமலர் வேறு கட்டைப் பிரித்து வைக்க, இன்வாய்ஸ் மூன்று பிரதியும் இ-வே பில்லும் ஒரு தடங்கல் இல்லாமல் வந்து விழுந்தன. லாரி கிளம்பியது. எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. ஆனால் படிவம் இன்னும் மேசையில்தான் இருந்தது.

நான் புது ரிப்போர்ட் எழுதினேன். முந்தைய அறிக்கை தவறு. வாடிக்கையாளர் பயன்படுத்தும் காகிதத்தில் சோதனை செய்யப்படவில்லை. பயன்படுத்துபவர் மீது குறை எதுவும் இல்லை. அதில் அழுத்தி சீல் வைத்தேன். இதற்காக எங்கள் ஆபீசில் எனக்கு ஒரு மெமோ வந்தது. இதுவரை நம் கம்பெனி இப்படி ஒரு ரிப்போர்ட் கொடுத்ததில்லை என்று மேலாளர் வருத்தப்பட்டார். வருத்தப்படட்டும். அந்த மெமோவை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன அன்று, சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

தணிகாசலம் வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்து, தன் கையாலேயே எழுத ஆரம்பித்தார். லாரி ஏன் தாமதம்? இன்வாய்ஸ் தாமதம். ஏன்? காகிதம் சிக்கியது. ஏன்? தாள்கள் மூலையில் ஒட்டியிருந்தன. ஏன்? இன்சார்ஜ் ஈர மஞ்சள் வைத்தார். இதை எழுதும்போது அவர் பேனா நிற்கவில்லை. ஐந்தாவது ஏனில்தான் நின்றது. அது ஏன் முன்பே தெரியவில்லை? வெகு நேரம் யோசித்து எழுதினார்: தெரிந்தவரிடம் யாரும் கேட்கவில்லை.

நடவடிக்கை என்ற கட்டத்தில், பூஜைத் தாளைத் தனியாக எடுப்பது, கட்டைப் பிரித்து டிரேயில் நிரப்புவதை ஒருவரே செய்வது, வாரந்தோறும் ரோலரைப் பார்த்துக் குறித்து வைப்பது என்று எழுதினார். அடுத்த கட்டம், பொறுப்பு. அங்கே ஜெபமலர் என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடினார்.

கான்ட்ராக்ட்டில் இருக்கும் பெண்ணின் பெயரைப் பொறுப்பில் போட்டால் மேலே ஒத்துக்கொள்வார்களா என்று கேட்டேன். பதினோராவது மாதம் ஆயிற்றே என்ற கவலை எனக்கு. அவர் முதன்முறையாக அன்று சிரித்தார்.

"ஆறு மாசம் கழிச்சு கார் கம்பெனிக்காரன் ஆடிட்டுக்கு வருவான் சார். இந்த ஜெபமலர் யாரு, கூப்புடுன்னுவான். ஆளு இல்லன்னா படிவமே பொய்யின்னு எழுதிட்டுப் போயிடுவான். அத இவங்க தாங்க மாட்டாங்க. அவளக் காட்டணும்னா இங்க வச்சிருந்துதானே ஆவணும்?"

அவளிடம் படிவத்தை நீட்டிப் படித்துப் பார்க்கச் சொன்னார். அவள் மேலிருந்து கீழே படித்தாள். தன் பெயர் வந்த இடத்தில் விரலை வைத்தாள். அது எந்தக் கட்டம் என்று பக்கத்தில் பார்த்தாள். மறுபடியும் படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையெழுத்து எங்கே சார் போடணும் என்று கேட்டாள்.

படிவம் பத்தரை தாண்டி, நல்ல ராகு காலத்தில்தான் போயிற்று. அனுப்பும் பட்டனைத் தட்டியது தணிகாசலமேதான்.